ஒன்றுமில்லை, வெறும் கேஸ்தான்!

நெஞ்சு வலித்தாலும் ஜீரணக் கோளாறு என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள் கொல்கத்தாவின் முதியவர்கள். அது வெறும் அலட்சியமல்ல, அனுபவம் போட்டுத் தரும் கணக்கு. சில வியாதிகளில் மட்டும் அந்தக் கணக்கு உயிருக்கே உலை வைக்கிறது.

டிசம்பர் பிறந்தால் போதும். தலையையும் காதையும் மூடும் குரங்குக் குல்லாயும் கழுத்தில் மஃப்ளருமாக கொல்கத்தாவின் பெரியவர்கள் காலைச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பும் வழியில் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு நிறுத்தம். மார்பில் எரிச்சல், மேல்வயிற்றில் அழுத்தம், தோளில் ஏதோ பிடிப்பு என்று எதைச் சொன்னாலும் கடைக்காரர் பதில் தயாராக வைத்திருப்பார்: 'கேஸ்'. அதற்குத் துணையாக 'அம்பல்', அதாவது புளிப்பு, அமிலம். ஒரு ஜெலுசில் மாத்திரை கைமாறும். வீட்டு அலமாரியில் எப்படியும் ஒரு பாட்டில் ஓமத் திரவம் இருக்கும். விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் 1901-ல் கம்பெனியாக நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸின் பிரசித்தி பெற்ற தயாரிப்பு அது. தலைமுறை தலைமுறையாக வங்காளியின் முதல் டாக்டர் அந்த பாட்டில்தான்.

பத்தில் ஒன்பது தடவை அது வேலையும் செய்துவிடுகிறது. பத்தாவது தடவைதான் சிக்கல்.

இதய நோய் நிபுணர்கள் இந்தப் பத்தாவது தடவையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நாட்டின் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளுக்கு மாரடைப்பு அல்லது அதற்கு நெருக்கமான நிலையில் வந்த 20,468 நோயாளிகளைப் பற்றிய 'கிரியேட்' ஆய்வு 2008-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. அதிலிருந்த இரண்டு எண்கள் யோசிக்க வைப்பவை. அறிகுறி தோன்றியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க நோயாளிகள் எடுத்துக்கொண்ட நேரத்தின் நடு அளவு 360 நிமிடங்கள். உள்ளே வந்த பிறகு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க ஆனது 50 நிமிடங்கள். அதாவது தாமதத்தின் பெரும் பகுதி ஆஸ்பத்திரிக்குள் நடக்கவில்லை. வீட்டுக் கட்டிலிலும், மருந்துக் கடையிலும், பக்கத்து டாக்டரின் காத்திருப்பு பெஞ்சிலும், போக்குவரத்து நெரிசலிலும் நடந்தது. அடைபட்ட ரத்தக் குழாயைத் திறப்பதில் முதல் சில மணி நேரமே பொன்னான நேரம் என்னும்போது, ஆறு மணி நேரம் என்பது பெரிய இழப்பு.

பக்கவாதத்தின் கெடு இன்னும் குறுகியது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியும் செய்ய வேண்டும். கொல்கத்தாவில் 52,377 பேர் கொண்ட ஒரு ஜனத்தொகைப் பகுதியை 2003 முதல் 2005 வரை தொடர்ந்து கவனித்த நரம்பியல் டாக்டர்கள் 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதம் தாக்கியவர்களில் 41 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களும் கை கால் விளங்காமல் எத்தனை காலம் கிடக்கிறார்கள் என்பது தனிக் கதை.

முதுமையடையும் நகரம்

இந்தப் பிரச்னை கொல்கத்தாவில் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் பெரு நகரங்கள் வீங்கிக்கொண்டே போக, கொல்கத்தா மாநகரின் ஜனத்தொகை 2001-ல் 45.7 லட்சமாக இருந்து 2011-ல் 44.9 லட்சமாகக் குறைந்தது. குழந்தை பிறப்பு குறைவு. படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் டெல்லிக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறார்கள். பாலிகஞ்சிலும் பவானிபூரிலும் வடக்குக் கல்கத்தாவின் பழைய மூன்று மாடி வீடுகளிலும் மிச்சமிருப்பது அப்பாவும் அம்மாவும். பல இடங்களில் அம்மா மட்டும்.

நாடு முழுதும் பின்னால் வரப்போவதன் முன்னோட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டிய இந்தியர்கள் சுமார் 10.4 கோடி. 2036-ல் இது 22 கோடியைத் தாண்டும் என்பது அரசு நிபுணர் குழுவின் மதிப்பீடு.

இவர்கள் ஒவ்வொருவரும், பெரும்பாலும் தனியாக, அடிக்கடி எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இதற்கு டாக்டரிடம் போக வேண்டுமா, வேண்டாமா?

முதியவர் போடும் கணக்கு

வயதானவர்கள் பிடிவாதக்காரர்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல். ஆனால் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் லெவந்தாலும் முதியோர் மருத்துவரான எலைன் லெவந்தாலும், உடம்பில் ஒரு மாற்றம் தெரிந்ததும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்கள் சொல்வது இது. முதலில் அந்த மாற்றத்துக்கு ஒரு பெயர் வைக்கிறோம். பிறகு அதற்கு ஒரு காரணம் கற்பிக்கிறோம். எத்தனை நாள் இருக்கும், என்ன கெடுதல் செய்யும், நம்மால் சரி செய்ய முடியுமா என்று கணிக்கிறோம். இந்தச் சாமானிய மருத்துவ ஞானம்தான் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. 1993-ல் வெளியான அவர்களது ஆய்வில் ஒரு வியப்பு காத்திருந்தது. விஷயம் ஆபத்தாக இருக்கலாம் என்று தோன்றினால், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடுத்தர வயதினரை விடச் சீக்கிரமாக டாக்டரிடம் போனார்கள். தள்ளிப்போட்டவர்கள் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்களே. காரணமும் விளங்கக்கூடியதுதான். முதியவர் தன் தெம்பைச் சிக்கனமாகச் செலவிடுகிறார். நிச்சயமின்மையைச் சுமந்துகொண்டு திரிய அவருக்குச் சக்தி இல்லை. டாக்டர் தலையில் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடுவது லாபம்.

பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தின் பானி மேயரும் சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவானது. மார்பகப் புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை என்ற கேள்வியை வெவ்வேறு வயதுப் பெண்கள் முன் வைத்தார்கள். மூத்த பெண்கள் கேட்டுக்கொண்ட தகவல் குறைவு, முடிவுக்கு வர எடுத்துக்கொண்ட நேரமும் குறைவு. ஆனால் வந்து சேர்ந்த முடிவு இளையவர்களுடையதைப் போலவே இருந்தது.

வயது ஏற ஏற ஒரே சமயத்தில் பல புதிய செய்திகளை மனத்தில் நிறுத்தி எடை போடும் வேகம் தளர்கிறது. அதே சமயம் வாழ்ந்து சேர்த்த அறிவு தளர்வதில்லை. எனவே முதியவர் எல்லாத் தகவலையும் அலசுவதில்லை. இதற்கு முன் இப்படி வந்ததா, அப்போது எது கேட்டது என்று தன் கிடங்கில் தேடுகிறார். முக்கியம் என்று படுகிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவு செய்கிறார். அன்றாட உபாதைகளுக்கு இது நல்ல வழிதான். எழுபது வயது முழங்கால் வலிக்கு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

வழி தவறுவது எங்கே என்றால், வியாதி பழைய வேஷத்தில் வராதபோது. சினிமாவில் மாரடைப்பு வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார். முதுமையில், அதிலும் சர்க்கரை வியாதி இருந்தால், வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சிரைப்பு, வியர்வை, குமட்டல், சொல்ல முடியாத அசதி, இவ்வளவுதான் வெளியே தெரியும். நிமோனியா காய்ச்சல் இல்லாமல் வரும். சிறுநீர்த் தொற்று எரிச்சலாகத் தெரியாமல், திடீர்க் குழப்பமாகவும் உளறலாகவும் வெளிப்படும். அறுபது வருட அனுபவத்தில் இதற்கெல்லாம் முன்மாதிரி கிடையாது. கிடங்கில் தேடும் முதியவருக்கு அகப்படுவது இரண்டே பெயர்கள்: 'கேஸ்', இல்லாவிட்டால் 'வயசாகிவிட்டது'. இந்த இரண்டும் சூட்டப்பட்ட பின் டாக்டர் தேவைப்படுவதில்லை. வயதுக்கு யார் மருந்து கொடுக்க முடியும்?

வயிறே பிரதானம்

கொல்கத்தாவில் முதல் பெயருக்கு மவுசு அதிகம். எடின்பரோ பல்கலைக்கழக மானிடவியலாளர் ஸ்டெஃபன் எக்ஸ் இந்த நகரத்தில் நீண்ட காலம் கள ஆய்வு செய்து 2013-ல் ஒரு புத்தகம் எழுதினார். உடம்பின் மத்திய கேந்திரமாகக் கொல்கத்தாவாசிகள் கருதுவது வயிற்றைத்தான் என்பது அதில் வரும் முக்கியமான அவதானிப்பு. வயிறு சரியாக இருந்தால் எல்லாம் சரி. தலைவலி, தூக்கமின்மை, மனச் சோர்வு எல்லாவற்றுக்கும் வேர் ஜீரணத்தில் தேடப்படும். மனநல மருந்தைக்கூட 'மனத்துக்கான சாப்பாடு' என்று சொல்லிக் கொடுத்தால்தான் நோயாளியிடம் எடுபடுகிறது என்பதை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

தமிழர்கள் இதைப் படித்துப் புன்னகைக்கத் தேவையில்லை. 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிப் பூண்டையும் சுக்குக் கஷாயத்தையும் நம்பி விடியும்வரை காத்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ராஷ்பிஹாரி அவென்யூவிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் பல தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் இரண்டு மரபும் கலந்துவிட்டன. ஒரு அலமாரியில் ஓமத் திரவம், இன்னொன்றில் சுக்கு.

மூன்றாவது ஓர் அலமாரியும் இருக்கிறது: ஹோமியோபதி. அலோபதியில் பெரிய பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் 1867-ல் பகிரங்கமாக ஹோமியோபதிக்கு மாறி, மருத்துவ வட்டாரத்தையே அதிரவைத்த ஊர் இது. 1975-ல் மத்திய அரசு தேசிய ஹோமியோபதி நிறுவனத்தை இங்கேதான் அமைத்தது. இன்றும் பல முதியவர்களின் மனத்தில் ஒரு வேலைப் பங்கீடு இருக்கிறது. மெள்ள வந்து மெள்ளப் போகும் வியாதிக்கு ஹோமியோபதி, அவசரத்துக்கு அலோபதி. கேட்க நியாயமாக இருக்கிறது. எது அவசரம் என்று யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

விதவைகளின் மௌனம்

உடம்பில் என்ன நடக்கிறது என்று கண்டுகொள்வது ஒரு படி. அதைச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைப்பது வேறு படி. இந்த இரண்டாவது படியைப் பற்றி உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆதாரம் கொல்கத்தாவுக்கு அருகிலிருந்தே கிடைத்தது.

வங்கப் பஞ்சத்துக்கு மறு வருடம், 1944-ல், கல்கத்தாவின் அகில இந்திய சுகாதார மற்றும் பொது நல்வாழ்வு நிறுவனம் அருகிலுள்ள சிங்கூரில் ஒரு சர்வே எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமாராகத்தான் இருக்கிறது என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். 'சுமார்' என்ற பதிலை மட்டும் எடுத்தால் வித்தியாசம் இன்னும் பயங்கரம்: ஆண்களில் 45.6 சதவீதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை.

பிற்பாடு இந்தப் புள்ளிவிவரத்தைத் தோண்டி எடுத்து அறிஞர் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர் பொருளாதார மேதை அமர்த்தியா சென். பஞ்சம் முடிந்த வங்காளத்தில் விதவைகள் மட்டும் திடகாத்திரமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப முடியாது. கடும் காய்ச்சல் வந்தால் ஒப்புக்கொள்வார்கள். உடம்பு 'சுமார்' என்பதற்கோ அவர்களது அகராதியில் இடமே இல்லை. 2002-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சென் இதன் மறுபக்கத்தையும் காட்டினார். ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில் தங்களுக்கு வியாதி என்று சொல்பவர்கள் அதிகம். ஆயுள் குறைவான பீகாரில் குறைவு. படிப்பும் ஆஸ்பத்திரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் மனிதர்களுக்குத் தங்கள் வியாதி கண்ணில் படுகிறது.

எண்பது ஆண்டுகளில் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும், பேரனுக்குப் பரீட்சை முடியட்டும், துர்கா பூஜை கழியட்டும், மருமகளுக்கு லீவு கிடைக்கட்டும் என்று தன் மார்பிலுள்ள கட்டியைப் பற்றி வாய் திறக்காத பாட்டிகள் எந்த மாநிலத்திலும் அபூர்வமல்ல.

தொலைபேசியில் மகன்

முடிவெடுப்பவர் முதியவர் மட்டுமல்ல என்பது அடுத்த சிக்கல். மேற்கு வங்கத்தில் முதுமையைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா லாம் 2009-ல் வெளியிட்ட புத்தகத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் கொல்கத்தா பெற்றோர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பணம் வரும், போன் வரும். அவசரத்துக்குக் கைத்தாங்கலாகப் பிடித்து டாக்ஸியில் ஏற்ற ஆள் வராது.

போனில் பெரும்பாலும் நல்ல செய்திதான் பரிமாறப்படும். 'நன்றாக இருக்கிறேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் அப்பாவின் ஒரு கணக்கு இருக்கிறது. சொன்னால் பையன் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறுவான். போன வருடமும் ஒன்றுமில்லாததற்கு வந்து போனான். மறுமுனையிலுள்ள பையனோ இணையத்தில் படித்துவிட்டு எட்டுப் பரிசோதனைகளைப் பட்டியல் போடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இன்னொன்று சொல்கிறது. குறைந்த தகவலை வைத்துத் தெளிவாக முடிவெடுக்கத் தெரிந்த மனிதர் மேல் அதிகத் தகவலைக் கொட்டினால், அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: நாளைக்குப் பார்க்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப முயற்சிகள் இல்லாமலில்லை. முதுமையியல் ஆய்வுக்கும் சேவைக்கும் என்றே கல்கத்தா மெட்ரோபாலிடன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஜெரன்டாலஜி 1988 முதல் இங்கே இயங்கி வருகிறது. தனியாக வாழும் முதியவர்களுக்காக கொல்கத்தா போலீஸ், 'தி பெங்கால்' என்ற அமைப்புடன் சேர்ந்து 2009-ல் 'ப்ரணாம்' திட்டத்தைத் தொடங்கியது. உறுப்பினர்களின் வீட்டுக்குப் போலீஸார் போய் நலம் விசாரிப்பதும், அவசரத்தில் போன் செய்தால் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்வதும் இதன் அம்சங்கள். பழைய நாளில் பேட்டைக்குப் பேட்டை இருந்த கிளப்பும் திண்ணை அரட்டையும் செய்த வேலை இது. நேற்றுவரை வந்தவர் இன்று அரட்டைக்கு வரவில்லையே என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். திண்ணை வீடுகள் இடிபட்டு அடுக்கு மாடிகள் எழும்பியபோது அந்தக் கண்காணிப்பும் போயிற்று.

கார்டு எதற்குச் செல்லும்?

காசு பற்றிய பயம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. 2017-18-ல் நாடு முழுதும் எடுக்கப்பட்ட முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதல் சுற்றில், மருத்துவக் காப்பீடு வைத்திருந்த முதியவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தார்கள்.

2016 டிசம்பரில் மேற்கு வங்க அரசு தொடங்கிய 'ஸ்வாஸ்த்ய சாதி' திட்டம் 2020 டிசம்பரில் மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் என்று விரிவுபடுத்தப்பட்டது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய். கார்டு குடும்பத்தின் மூத்த பெண்மணி பெயரில். சிங்கூர் விதவைகளின் வாரிசுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் 70 வயதான அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை நீட்டித்தது. அப்போது மேற்கு வங்கம் அதில் சேர்ந்திருக்கவில்லை. எந்தக் கார்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வியாதி என்று பிரித்துப் பார்ப்பது படித்த இளைஞனுக்கே தலைசுற்றல்.

இன்னொரு உண்மை அதிகம் பேசப்படுவதில்லை. இத்தகைய காப்பீடுகள் அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கானவை. 'போகலாமா, வேண்டாமா' என்ற தயக்கம் எழுவது அதற்கு முந்திய கட்டத்தில். முதல் டாக்டர் ஃபீஸ், முதல் ஈசிஜி, முதல் ரத்தப் பரிசோதனை, மாதாந்திர மாத்திரை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் காசில்லாமல் முடியும். ஆனால் பி.ஜி. ஆஸ்பத்திரியின் புறநோயாளி வரிசையில் விடிகாலையிலிருந்து நிற்பதற்கு எழுபத்தைந்து வயதுக் கால்கள் வேண்டாமா? வரிசையும் ஒரு விலைதான்.

ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு

கையெட்டும் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக யோசிக்கும் அதே மனிதர், 1,600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வேலூருக்கோ சென்னைக்கோ போகத் தயங்குவதில்லை என்பதுதான் விசித்திரம். ஆசியாவின் ஆரம்பகால மேலைநாட்டு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றான கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835-ல் தொடங்கிய நகரம். முதலமைச்சராக இருந்தபோதும் தினம் காலையில் நோயாளிகளைப் பார்த்த டாக்டர் பிதான் சந்திர ராயின் நகரம். அதன் முதியவர்கள் கோப்புகளைச் சுமந்துகொண்டு கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளிப் பெயர்ப்பலகைகளும், மீன் குழம்புச் சாப்பாடும், மாத வாடகை லாட்ஜ்களும் அவர்களுக்காகவே. 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பஹனகாவில் கோரமண்டல் விபத்துக்குள்ளாகி மூன்று ரயில்கள் மோதிக்கொண்டபோது, அதில் வேலைக்குப் போன இளைஞர்களோடு வைத்தியத்துக்குப் போன வங்காளிகளும் இருந்தார்கள்.

இவர்களை இழுப்பது இயந்திரங்கள் மட்டுமல்ல, நம்பிக்கை. தேவையில்லாத பரிசோதனை செய்ய மாட்டார்கள், பில்லில் ஏமாற்ற மாட்டார்கள், உட்காரவைத்து விளக்குவார்கள் என்ற எண்ணம். உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்கள் மீது புகார்கள் மலிந்து, 2017-ல் மாநில அரசு அவற்றை ஒழுங்குபடுத்தப் புதிய சட்டமும் கமிஷனும் கொண்டுவர நேர்ந்தது. நுழைந்தால் வெளியே வர எவ்வளவு ஆகும் என்று தெரியாத இடத்துக்குள் நுழையத் தயங்குவதை அறியாமை என்று சொல்ல முடியுமா?

ஆனால் மாரடைப்பு ரயில் டிக்கெட்டுக்காகக் காத்திருக்காது. நிதானமான வியாதிக்குத் தெற்கே போகத் திட்டமிடும் பழக்கம், அவசர வியாதிக்கு அருகில் எங்கே போவது என்ற முடிவைக் காலியாக விட்டுவிடுகிறது.

சொல்லும் விதம்

முதியவர் முடிவெடுக்கும் விதத்தை மாற்ற முயல்வதை விட, தகவல் அவருக்குப் போய்ச் சேரும் விதத்தை மாற்றுவது சுலபம். ஒரு நேரத்தில் ஒரு செய்தி. பெரிய எழுத்தில் தாய்மொழியில் ஒரு சீட்டு. காது மந்தமா என்று பேசத் தொடங்குமுன் பார்த்துக்கொள்வது. சொன்னதை நோயாளி தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேட்பது. இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை. வீட்டில் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். 'நன்றாக இருக்கிறாயா' என்றால் 'ம்' என்றுதான் பதில் வரும். 'மாடிப் படி ஏறும்போது நேற்றை விட மூச்சு வாங்குகிறதா' என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

தெற்கில் சில முன்மாதிரிகள் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் முதியோர் மருத்துவத்துக்கு மேல்பட்டப் படிப்பு வந்தது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்னொரு கோணத்தில் முக்கியமானது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பரிசோதிக்கப்பட்டு மாத்திரை கையில் கொடுக்கப்பட்டால், 'போகலாமா வேண்டாமா' என்ற கேள்வியில் பாதி எழுவதே இல்லை.

கொல்கத்தாவிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பாங்கூர் நரம்பியல் நிறுவனத்தை மையமாக வைத்து, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வரும் பக்கவாத நோயாளிகளின் ஸ்கேனை நிபுணர்கள் தொலைவிலிருந்தே பார்த்து ஆலோசனை சொல்லும் 'ஸ்வாஸ்த்ய இங்கித்' ஏற்பாடு அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. ஆனால் எந்தத் தொலை மருத்துவமும் நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். அதற்கு முந்திய மணி நேரங்கள் மருந்துக் கடைக்காரர், பேட்டை டாக்டர், மாடி வீட்டுக்காரர் ஆகியோர் கையில் இருக்கின்றன. 'கேஸ்' என்று சொல்லி மாத்திரையை நீட்டும் அந்தக் கடைக்காரருக்கே, வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் மாத்திரை கொடுக்காமல் டாக்ஸியைக் கூப்பிட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தால், பெரிய கட்டடம் எதுவும் கட்டாமலே பல உயிர்கள் மிஞ்சும்.

பெட்டிச் செய்தி: இவை காத்திருக்காது

• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் தொய்தல், பேச்சுக் குழறல்: பக்கவாதம். ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

• மார்பிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சிரைப்பு அல்லது குமட்டல். வலியே இல்லாமல் திடீர் மூச்சிரைப்பும் அசதியும் வந்தாலும் இதே கணக்கு. 'கேஸ்' என்று முடிவு செய்ய வேண்டியது ஈசிஜி பார்த்த டாக்டர்.

• நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசுவது. இது வயதின் அடையாளமல்ல. தொற்று, சர்க்கரை அல்லது உப்புச் சத்தின் ஏற்றத்தாழ்வு, மருந்தின் பக்கவிளைவு என்று காரணம் இருக்கும்.

• கீழே விழுந்து தலையில் அடி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

• முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது: இரவில் போக வேண்டிய ஆஸ்பத்திரியின் பெயர், கூட வரக்கூடிய ஒருவரின் போன் நம்பர், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தலைமாட்டில் வைத்தால், அவசரத்தில் யோசிக்க வேண்டிய பாரம் பாதி குறையும்.